இந்த வாசல்ல எல்லாரும் குனியணும்

அட, உளியைக் கீழ வைங்க மேஸ்திரி! எத்தனை தடவை சொல்றது? நான் இந்தச் சர்ச் வாசப்படியை விட்டு நகர்றதா இல்ல. மேல ஒரு அடி அடிச்சீங்கன்னா செங்கல் என் மண்டையிலதான் விழும். விழட்டும். அப்புறம் செக்ரட்டரி ஐயா வந்து பதில் சொல்லட்டும்.

உங்க மேல எனக்கென்ன கோவம்? கூப்பிட்டாங்க, வந்திருக்கீங்க. மேல்கட்டையை எடுத்துட்டு ஒரு முழம் ஒசத்தி வைன்னா வைக்கப் போறீங்க. உங்க பொழப்பு அது. இந்தாங்க, ஸ்டூலை விட்டு இறங்கி டீயைக் குடிங்க, ஆறிடப் போவுது. சக்கரை கம்மியாத்தான் போட்டேன், எங்க வீட்டுக்காரருக்குப் போட்டுப் போட்டு அதே கை வந்துருச்சு. பஸ் ஓட்டறவரு, உக்காந்தே இருக்காரா, சக்கரை எகிறிடுச்சு... சரி, அது கெடக்கட்டும்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், செக்ரட்டரி. காலையிலேர்ந்து அவரு ஆடற ஆட்டம் இருக்கே... "தலைவரு வர்றாரு, தலைவரு வர்றாரு"ன்னு குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வர்றாரு. நகராட்சித் தலைவருதாங்க, சபை ஆண்டு விழாவுக்கு. எனக்குப் பொறுக்கல. "நம்ம சபைக்குத் தலைவரு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சே ஐயா, இப்ப யாரு புதுசா?"ன்னு கேட்டுட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. சட்டை மட்டும் புதுசு. மடிப்பு கலையக்கூடாதுன்னு கையை அகட்டி வச்சுக்கிட்டே நடக்கறாரு, பாத்தீங்கல்ல?

சிரிக்காதீங்க. நான் வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

இந்த வாசல் ஏன் இவ்வளவு தாழ்வுன்னு நினைக்கிறீங்க? மரம் பத்தலையா? செங்கல் பத்தலையா? கட்டினவங்க வேணும்னே வச்சாங்க மேஸ்திரி. உள்ள இருக்கிறவரு ராஜாதி ராஜா. அவரு முன்னால எந்த ராஜாவும் நிமிர்ந்துகிட்டு வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பிஷப் ஐயா வந்தாரு, ஒசரத் தொப்பியைக் கழட்டி அக்குள்ள வச்சுக்கிட்டுக் குனிஞ்சாரு. ஒரு ஜட்ஜ் வந்தாரு, குனிஞ்சாரு. போலீஸ் அதிகாரி ஒருத்தரு, தொப்பை இடிக்குது, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடிச்சு, எப்படியோ குனிஞ்சாரு பாவம். கல்யாணப் பொண்ணுங்க கொண்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுக் குனியும். குனியாம வர்றது ரெண்டே பேரு. ஒண்ணு சவப்பெட்டி. அதுக்குமேல அது எங்க குனிய? இன்னொண்ணு சின்னப் பிள்ளைங்க. நிமிர்ந்தபடியே தடதடன்னு ஓடி வரும், ஒரு முடி கூட ஒரசாது. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ பண்ணும். உள்ள இருக்கிறவருக்கும் அதுதான் புடிக்கும்போலன்னு நினைச்சுக்குவேன்.

என்னது? தலைவரை மதிக்கக் கூடாதான்னா? நல்லா கேட்டீங்க போங்க! நான் மதிக்காம யாரு மதிக்கிறது? அதிகாரம் பண்றவங்களுக்குக் கீழ்ப்படியணும், அவங்களுக்காக ஜெபம் பண்ணணும்னு வேதத்துலயே போட்டிருக்கு. தெனம் பண்றேன். ரோட்டுல அவரு கார் வந்தா ஒதுங்கி நிக்கிறேன். வெளிய அவரு தலைவரு. ஆனா அந்த நாற்காலியைக் குடுத்தவருக்கு முன்னால அவரும் ஒரு ஆளுதானே? நாளைக்கே எலெக்ஷன் வந்தா வேற ஆளு. உள்ள இருக்கிறவருக்கு எலெக்ஷன் கிடையாது, இறக்க ஆளு கிடையாது. இந்தச் சின்ன விஷயம் நம்ம செக்ரட்டரிக்கு ஏறலையே!

அவரு பயம் அவருக்கு. போன வாரம் தலைவரு இடத்தைப் பாக்க வந்தப்போ இடிச்சுக்கிட்டாருல்ல? இதோ, நீங்க உளியை வச்சீங்களே, இதே இடம். டமார்னு ஒரு சத்தம், உள்ள ஆர்மோனியம் வாசிச்சிட்டு இருந்தவரு கையை எடுத்துட்டாரு. நெத்தி புடைச்சுப் போச்சு. மறுபடி இடிச்சுக்கிட்டாருன்னா தண்ணிக் குழாய் போட்டுத் தர்றேன்னு சொன்னது அம்போவாம். அதுக்காக வாசலையே இடிக்கச் சொல்றாரு! ஒருத்தர் நிமிர்ந்து வரணும்னு வாசலை ஒசத்தினா, அப்புறம் உள்ள போயி யாரைப் பெரியவருன்னு பாடறது?

குனியணும்னு அவருகிட்ட யாரும் சொல்லலையான்னா?

டீ எப்படி இருக்கு? நல்லாருக்கா? இஞ்சி தட்டிப் போட்டேன்.

இல்ல, சொல்லுவோம். புதுசா யாரு வந்தாலும், "குனிஞ்சு வாங்க"ன்னு சொல்றதுக்குன்னே இங்க ஒரு ஆளு உண்டு. பிஷப்புக்கும் சொன்ன ஆளு. ஜட்ஜுக்கும் சொன்ன ஆளு. அந்த ஆளு வாய் இருக்கே, தூங்கும்போது கூட மூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு... ஆமா. நான்தான். பெருக்கறது, பூட்டறது, வாசல்ல நின்னு "குனிஞ்சு வாங்க" சொல்றது, எல்லாம் நான்தான்.

அன்னைக்கும் நான் இங்கதான் நின்னேன். கார் கதவைத் திறந்தாங்க. வெள்ளை வேட்டி, சுத்திப் பத்து பேரு, செண்டு வாசனை... அவரு என்னைப் பாத்து, "நல்லா இருக்கீங்களாம்மா?"ன்னாரு. அவ்வளவுதான் மேஸ்திரி. என்னைப் போயி! எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. ரெண்டு கையும் தானா கும்பிட்டுது, இடுப்பு வளைஞ்சு தலை முழங்காலுக்கு வந்துருச்சு. வாய்? ஒட்டிக்கிச்சு. அவரைக் குனியச் சொல்ல வேண்டியவ, நான் குனிஞ்சுட்டேன். டமார்னு சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அந்த மனுஷன் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே, "பரவாயில்லம்மா"ன்னாரு. வெக்கமாப் போச்சு. அவரு முன்னால இல்ல... உள்ள இருக்கிறவரு முன்னால. உங்க வாசலுக்கு நான் காவல்னு பெருமை அடிச்சேனே சாமி, ஒரு தலைவரு வந்ததும் உங்களை மறந்துட்டேனேன்னு பெஞ்சு தொடைக்கும்போது அழுதுட்டேன். செக்ரட்டரிகிட்ட சொல்லல. வாசல்தான் தாழ்வுன்னு அவரு முடிவு பண்ணிட்டாரு, நானும் வாயை மூடிக்கிட்டேன். பழி பாவம் இந்தக் கட்டை மேல!

இன்னைக்கு விட மாட்டேன். சொல்லிப் பாக்கட்டுமா? நீங்கதான் தலைவருன்னு வச்சுக்குவோம். உங்களைப் பாத்தா சிரிப்பு வரும், கண்ணை மூடிக்கிறேன். ம்ம்... ஐயா, குனிஞ்சு... சே, கொரல் நடுங்குது. இருங்க. ஐயா, குனிஞ்சு வாங்கய்யா. எப்படி? கேட்டுதா? மேஸ்திரி?

மேஸ்திரி!

அடப்பாவி மனுஷா, போயிட்டாரா? உளியைக் காணோம், சுத்தியலைக் காணோம். டீயைக் குடிச்சு டம்ளரை அழகா ஓரமா வச்சுட்டு... ஸ்டூலைக் கூட வாசலை மறைக்காம நகத்திப் போட்டிருக்காரே! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்?

ஐயய்யோ, கார் சத்தம். இப்பவேவா? சாயங்காலம்னுதானே... செண்டு வாசனை வேற அடிக்குது. சாமி, வாயை மட்டும் திறந்து விடுங்க.

வணக்கம்யா. நல்லா இருக்கேன்யா. நெத்தி எப்படி இருக்கு? வாங்க வாங்க... ஐயா! ஒரு நிமிஷம், நில்லுங்க! செக்ரட்டரி ஐயா, என் சேலையை இழுக்காதீங்க, உங்க புதுச் சட்டை கசங்கிடும்.

குனிஞ்சு வாங்கய்யா. இந்த வாசல்ல எல்லாரும் குனியணும்.

இன்னும் கொஞ்சம்யா.

இன்னும்...

ஆங். இப்ப வாங்க.