ஜேபஸை வெளியே அனுப்பிய சூளை

விடியற்காலை மூன்று மணி. இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊர், கால்வாய்க் கரை. பனியும் கரிப்புகையும் சேர்ந்து, நீட்டின கை தெரியாத இருட்டு. அதில் தலைதெறிக்க ஓடினான் ஈனாக்... என் சிநேகிதி மேவிஸின் தாய்மாமா. சிரிக்காதீர்கள், மேவிஸுக்குப் பொய் வராது.

ஈனாக் பீங்கான் பாத்திரச் சூளைக்குத் தீ போடுகிறவன். முந்தின சாயங்காலம் உள்ளே கோப்பைகளை அடுக்கிவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவன் அவன் தம்பி ஜேபஸ். பிறகுதான் வாசலைச் செங்கல் வைத்து, களிமண் பூசி அடைத்தார்கள்.

"கருக்கிடாதண்ணே! கோப்பையில பூ வரையுற பொண்ணுங்க உன்னைப் பிச்சிடுவாளுங்க" என்று கேலி செய்துவிட்டுத்தான் தம்பி வீட்டுக்குப் போனான்.

நள்ளிரவு தாண்டி... டொக். டொக். செங்கலுக்கு உள்ளேயிருந்து.

"அண்ணே... சுடுதுண்ணே. தொற." ஜேபஸின் குரல்.

அதனால்தான் அந்த ஓட்டம். வீட்டில் ஜேபஸ் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு சீராக வந்தது. ஈனாக்குக்கு உயிர் திரும்பியது. எழுப்ப மனமில்லாமல் திரும்பிப் போய், காதில் துணியை அடைத்துக்கொண்டு கரி அள்ளிப் போட்டான்.

அன்று மத்தியானம் ஜேபஸின் மனைவி ஏடா சூளைக்கு ஓடிவந்தாள்.

"அவரு எழுந்திருக்கவே மாட்டேங்குறாரு, மச்சான்! அவருக்குப் பிடிச்ச ஓட்ஸ் அடையை மூக்குகிட்ட காட்டினேன், கண்ணே தொறக்கல. உடம்பு நெருப்பாக் கொதிக்குது!"

ஈனாக் கடப்பாரையைத் தூக்கினான். வாசலை இடித்தால் குளிர்காற்று பட்டு உள்ளே இருக்கிற கோப்பையெல்லாம் வெடித்துவிடும் என்று நாலு பேர் அவனைத் தரையில் அமுக்கினார்கள்.

"உள்ள யாருய்யா இருக்கா? புத்தி பேதலிச்சுப்போச்சா?"

அவனுக்கு மட்டும் கேட்டது. "அண்ணே"... கொஞ்சம் மெதுவாக... "அண்ணே"... அசையவும் முடியாமல், காதைப் பொத்தவும் முடியாமல் கிடந்து அழுதான். இருட்டும்போது சத்தம் நின்றது. அதே நேரத்தில் ஜேபஸும் போய்ச் சேர்ந்தான்.

சூளை ஆறியதும் வாசலைப் பிரித்தார்கள். உள்ளே யாரும் இல்லை. ஒரு கோப்பைகூட விரிசல் விடவில்லை.

ஆனால் செங்கல் இடுக்குகளில் உள்பக்கம் பிதுங்கிய களிமண்ணில், விரல் தடங்கள். ஆள்காட்டி விரல் பாதிதான்... ஜேபஸுக்குச் சின்ன வயதிலேயே இயந்திரத்தில் போன விரல்.

முதல் தடம் ஆள் உயரத்தில் இருந்தது. அடுத்தது இடுப்பளவில். பிறகு முழங்காலளவில்.

கடைசித் தடம், தரையோடு தரையாக.