சிவப்புப் பொத்தானும் கொடுங்கோல் என்ற அடைமொழியும்

தலைமை நாற்காலியைத் தலைநிமிர்வால் வென்று அமர்ந்திருக்கும், சட்டைக்குக் காலர் தைக்கும் நம் காலர் அக்கா அவர்களே! துணியை அளந்த கண்களால் இன்று என் சொற்களை அளக்கக் காத்திருக்கும் பெரியோர்களே! இயந்திர இரைச்சலுக்கு நடுவிலும் வீட்டில் இருமும் பிள்ளையை நினைத்துக்கொண்டே தைக்கும் தாய்மார்களே! "வக்கீல் சீக்கிரம் முடிப்பாரா?" என்று பின்வரிசையில் கவலைப்படும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கொடுங்கோல்! நேராக நிற்க வேண்டிய அரசனின் கோல் வளைந்தால் அதற்கு அந்தப் பெயர். அந்தக் கனமான சொல்லை எங்கெல்லாம் இழுத்து வருகிறோம்! லிஃப்ட் நின்றால் கொடுங்கோல்! தேநீரில் சர்க்கரை குறைந்தால் கொடுங்கோல்! சென்ற வாரம் என் மகனின் கைப்பேசியை அவன் தாய் வாங்கி வைத்தாள். "இந்த வீட்ல கொடுங்கோல் ஆட்சி நடக்குது!" என்று கத்தினான். அவள் அசரவில்லை. "சரிங்க புரட்சியாளரே, மொதல்ல சாப்பிடுங்க. மிச்சப் புரட்சிய அப்புறம் பண்ணலாம், ஆறிடப் போகுது" என்றாள். வழக்கு தள்ளுபடி! முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அதே வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதென்றால், அங்கே அந்தச் சொல் பொருந்தாது.

என்ன ஐயா? உங்கள் வீட்டில் பொருந்துமா? அம்மா பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். அந்த வழக்கை நான் எடுப்பதாக இல்லை!

பின் எங்கே பொருந்தும்? நம் தையல் ஆலையின் வாசலைப் பாருங்கள். வேலை முடிந்து வெளியேறும் வழியில் ஒரு பெட்டி. பச்சைப் பொத்தான் என்றால் இன்று மகிழ்ச்சி. சிவப்பு என்றால் மகிழ்ச்சி இல்லை. இரண்டில் ஒன்றை அழுத்தாமல் கதவு திறக்காது. பக்கத்திலேயே மேற்பார்வையாளர். ஊசி ஏறிய விரலும் பச்சையை அழுத்தியது. தண்ணீர் குடிக்க எழுந்து திட்டு வாங்கியவரின் விரலும் பச்சையையே அழுத்தியது. ஒரு மாலை, காலர் அக்கா சிவப்பை அழுத்தினார்.

"என்னம்மா, கை தவறிடுச்சா?"

"தவறலைங்க. காய்ச்சலோட உக்கார வச்சு வேலை வாங்கிட்டு, சந்தோஷம்னு எப்படிங்க அழுத்துறது?"

மறுநாள் வேலை இல்லை! நிறுவனத்தின் கருவியைத் தவறாகப் பயன்படுத்தினாராம்!

அக்காவுக்காக நான் நீதிமன்றத்தில் போட்ட மனுவில் "கொடுங்கோல் நிர்வாகம்" என்று எழுதினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கொதித்தார். நீதிபதி என்னிடம், "கண்டிப்பான நிர்வாகம்னு எழுதினா போதாதா? நிரூபிங்க, இல்லைன்னா அந்தச் சொல்லை அடிச்சிடுங்க" என்றார். மேலாளரைக் கூண்டில் ஏற்றினேன்.

"சிவப்புப் பொத்தானை யாருங்க வச்சது?"

"நாங்கதான் சார்."

"எதுக்கு?"

"கருத்துச் சுதந்திரம் குடுத்திருக்கோம்னு காட்டத்தான்."

"அதை அழுத்தினா?"

"நல்ல தொழிலாளி யாரும் அழுத்த மாட்டாங்க சார்!"

கூடமே சிரித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை மூடி, "அந்தச் சொல் இருக்கட்டும்" என்றார்.

இருக்கட்டும்! ஏன்? கசக்கி வேலை வாங்குவது கடுமை. கத்தி வேலை வாங்குவது கொடுமை. வலிக்க வைத்துவிட்டு, வலித்தவர் விரலாலேயே "வலிக்கவில்லை" என்று அழுத்த வைப்பதுதானே கொடுங்கோல்! அந்தச் சொல்லைச் சர்க்கரை குறைந்ததற்குச் செலவழித்துவிட்டால், நாளை இந்த வாசலில் நிற்கும்போது நம் கையில் எந்தச் சொல் மிஞ்சும்?

இன்று தீர்ப்பு வந்துவிட்டது. நாளைக் காலை காலர் அக்கா மீண்டும் தன் இயந்திரத்தின் முன் அமர்கிறார்! தட்டுங்கள், ஆலை வரை கேட்கட்டும்!

ஆனால் மாலையில் அதே பெட்டி காத்திருக்கும். மேடை ஏறும்போது அக்கா கேட்டார்: "தம்பி, நாளைக்கு எதை அழுத்தட்டும்?" சாட்சிக்குப் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாதென்று படித்தவன் நான். "மனசுல இருக்கிறதை அழுத்துங்கக்கா" என்றேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கப்போகும் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பச்சை உண்மையென்றால் பச்சை. சிவப்பு உண்மையென்றால், அந்த விரல் தனியாக இருக்க வேண்டாம்! சிவப்பை அழுத்திய விரல் மறுநாளும் அங்கே காலர் தைத்தால், அந்த அடைமொழியை என் பேனாவாலேயே அடித்துவிடுகிறேன். அப்படித் தோற்க ஆசைப்படுகிறேன்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், நாளை உண்மை பேசப்போகும் விரல்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.