தங்கமீனுக்காகத் தேங்கிய தண்ணீர்

மீனை வாங்கியது நோன்புப் பெருநாளுக்கு முன்பா, பின்பா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. என் மனைவி பளீலா இருந்தால் சொல்லியிருப்பாள். நாட்களை ஞாபகம் வைத்திருப்பது எங்கள் வீட்டில் அவளுடைய வேலை. நான் முப்பத்திரண்டு வருடம் நூலகத்தில் இருந்தவன். படித்தது நிற்கும், நடந்தது நழுவிவிடும். ஆகவே, அஸ்மி தம்பி, கீழே எழுதுவதில் நாட்கள் முன்பின்னாக வரலாம். மீனைப் பற்றிய விபரங்களில் பிழை இராது.

நேற்றுப் பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது நீங்கள்தான் கேட்டீர்கள். "சேர், நீங்க இல்லாத நாளையில மீன யாரு பாக்கிற? ஒரு துண்டில எழுதித் தாங்களேன், நான் பாத்துக்கொள்றன்" என்றீர்கள். எழுதத் தொடங்கிய பிறகுதான் இது ஒரு துண்டில் அடங்காது என்று தெரிந்தது. நீங்கள் நமது டெங்கு ஒழிப்புக் குழுவின் செயலாளர். பின்வாசலைத் திறந்ததும் எப்படியும் கேள்வி கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பிரஷர் ஏறியிருந்த காலம் அது. டொக்டர், ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்து, தினமும் இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். பளீலா சிரித்தாள்.

"உங்களுக்குப் பேசாம இருக்கிறதுக்கு டொக்டர்ட துண்டு வேறயா?"

முதல் மீன் இரண்டு நாளில் செத்தது. நான் கடைக்குத் திரும்பிப் போனேன்.

"குழாய்த் தண்ணிய அப்பிடியே ஊத்தினீங்களா சேர்?" என்று கடைக்காரர் கேட்டார். "அதில மருந்து போட்டிருக்கும். வாளியில புடிச்சித் திறந்து வைங்க. ரெண்டு நாள்ல மருந்து பறந்துடும். மூடினா போகாது."

இரண்டாவது மீனையும் மூன்று வாளிகளையும் வாங்கி வந்தேன். வாளிகளைக் குசினிக்குப் பின்னால், எலுமிச்சை மர நிழலில் வைத்தேன். கிழமைக்கு ஒரு தடவை தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மட்டும் எடுத்து, வாளித் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் மீன் அதிர்ந்துபோகும். தங்கமீன் திடீர் மாற்றத்தைத் தாங்காத பிராணி. அந்த விதத்தில் அதை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பிறகு கற்பிட்டியில் ஒரு கலியாணம். பளீலாவின் வற்புறுத்தலால் பத்து நாள் அங்கே தங்கினோம். மீன் அந்தப் பத்து நாளும் பட்டினி கிடந்து தாங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வாளிகளில் சின்னச் சின்னதாய் ஏதோ நெளிந்து நெளிந்து மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தது. நுளம்புக் குடம்பிகள், இந்தியப் புத்தகங்களில் கொசுப்புழு என்று போட்டிருக்கும். ஊற்றிவிடத்தான் நினைத்தேன். ஊற்றுமுன் ஒரு கரண்டி மொண்டு தொட்டியில் விட்டுப் பார்த்தேன்.

அந்த மீன் அன்று ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடையில் விற்கும் உருண்டைத் தீனியை ஏதோ கடமைக்குத் தின்பதுபோல் தின்றுகொண்டிருந்த மீன் அது. ஒரு மாதத்தில் அதன் நிறம் வேறு ஆகிவிட்டது. உயிருள்ள உணவுக்கு ஈடில்லை என்று என்னிடமிருந்த புத்தகமும் சொன்னது.

குடம்பியை மொள்ளக் கரண்டி சரிப்படவில்லை. நெருக்கமான கண்ணுள்ள ஒரு வலை தேவைப்பட்டது. எங்கள் கட்டில் நுளம்பு வலையின் கால்மாட்டில் ஒரு மூலை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சாண் வெட்டிக் கம்பியில் கோத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு அளவுக்கு மீறித் தீனி போடுவது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடியதை மட்டுமே கொடுக்க வேண்டும். நான் அதில் மிகவும் கண்டிப்பானவன். வாளிகளில் இருந்ததோ ஒரு மீனின் தேவையைவிடப் பல மடங்கு. மிஞ்சியவை வளர்ந்து, சிறகு முளைத்து, எலுமிச்சை மரத்தின் வழியே போய்விடும். எங்கே போகின்றன என்று நான் பார்த்ததில்லை. அது மீன் வளர்ப்பில் சேர்ந்ததல்ல.

மழை தொடங்கியதும் பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கு ஆள் சத்தம் போட்டார்கள். கூட்டம் முடியும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் என்னை டெங்குக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள்.

நான் அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்தேன். சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மாத்தயாவுடன் வீடு வீடாகப் போனேன். தயிர்ச் சட்டி, பழைய டயர், பிரிட்ஜின் பின்தட்டு என்று மற்றவர்கள் கவனிக்காத இடமெல்லாம் நான்தான் காட்டிக் கொடுத்தேன். நுளம்பு எந்த இடத்தை விரும்பும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசியாக என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிப்போம். மாத்தயா தொட்டியின் முன்னால் குனிந்து "ஹரி லஸ்ஸனய்" என்பார். மீனின் அழகை என்னிடம் அப்படி வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். போகும்போது 'நுளம்பற்ற இல்லம்' என்ற பச்சை ஸ்டிக்கரை முன்கதவில் அவரே ஒட்டினார். பின்வாசலை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை.

பக்கத்து வீட்டு மபாஸாவின் முற்றத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. உள்ளே கொஞ்சம் மழைத்தண்ணீர். மாத்தயா சிவப்பு நோட்டீஸ் எழுதினார்.

"என்ன இஸ்ஹாக் நானா," என்றாள் மபாஸா, "ஊரில உள்ள நுளம்பெல்லாம் எங்கட ஒத்தச் சிரட்டையிலயா குடும்பம் நடத்துது? அதுகளுக்கும் வாடைக்கு வீடு கிடைக்கல்லயோ?"

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு கிழமை கழித்துப் பளீலாவுக்குக் காய்ச்சல் கண்டது. முழங்கால் வலியால் பகலிலும் வலைக்குள் படுத்திருப்பவள் அவள். வலையின் கால்மாடு எப்படி இருந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

"இஞ்சாருங்க, ஒரு நுளம்புத்திரியாவது கொளுத்துங்களேன்" என்றாள்.

நுளம்புத்திரிப் புகை தண்ணீரில் படியும், மீனுக்கு ஆகாது என்று விளக்கினேன். புகையடிக்க வந்தவர்களையும் அதே காரணத்துக்காகத்தான் வாசலோடு அனுப்பியிருந்தேன்.

"எனக்குக் காய்ச்சலெண்டா ரெண்டு பனடோல். அதுக்கு வயிறு ஊதினா புத்தகம் படிக்கிறீங்க" என்றாள். பிறகு, "அப்ப நான் தொட்டிக்குள்ள போய்ப் படுக்கவா?"

தொட்டி இரண்டரை அடிதான். அவள் பகிடிக்குச் சொன்னாள் என்று விளங்கச் சற்று நேரமாயிற்று.

நான் கல்நெஞ்சன் அல்ல. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பின்வாசலுக்குப் போனேன். முதல் வாளியின் விளிம்பில் கை வைத்தேன். கவிழ்க்க ஒரு தள்ளு போதும். ஆனால் அந்தக் கிழமை மீனின் வாலில் வெள்ளைப் புள்ளி விழுந்து, அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. நோயிலிருந்து எழும்பும் மீனுக்கு உணவை மாற்றக் கூடாது. கையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். பளீலாவுக்குப் பப்பாசி இலை பிழிந்து கொடுத்தேன்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்குவால் மௌத்தானாள். வாலில் இருந்த புள்ளி அதற்கு முதல் நாள் முழுவதும் மறைந்திருந்தது.

தெரு உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. சிவப்பு நோட்டீஸ் எழுதப்பட்ட வீடு எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்தானே. மபாஸா கடைக்குப் போனால் பெண்கள் விலகி நின்றார்கள். "ஒரு பொம்புளய மௌத்தாக்கின சிரட்டை" என்று அவள் காதுபடச் சொன்னார்கள். வீட்டுச் சொந்தக்காரர் மாத முடிவுக்குள் வெளியேறச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவளும் புருஷன் மர்ஸூக்கும் வந்தார்கள். மர்ஸூக் பாலாவியில் லொறி ஓட்டுபவர், பேச்சுக் குறைவு. மபாஸா கதவுநிலையோடு நின்றாள்.

"நானா, நீங்க குழுத் தலைவர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்காரர் கேப்பாரு. அந்தச் சிரட்டையில பூச்சி ஒண்டும் இருக்கல்ல. நீங்களும் குனிஞ்சி பாத்தீங்க தானே?"

பார்த்தேன்தான். அது அன்று காலை பெய்த மழைத்தண்ணீர். அதில் குடம்பி எதுவும் இருக்கவில்லை. அந்தத் தெருவில் குடம்பியை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

"தொண்ணூறில மன்னாரில இருந்து முஸ்லிம் ஆக்கள வெளிக்கிடுத்தக்குள்ள எனக்கு ஏழு வயசு. ஒரு பேக்கோட வந்தோம். இன்னொருக்காப் பேக்கக் கட்டச் சொல்லாதீங்க நானா."

நான் தொட்டியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வார்த்தையும் கேட்பார்கள். சிரட்டை இல்லையென்றால் பிறகு எது என்பார்கள். அந்தக் கேள்வி நேரே பின்வாசலுக்குப் போகும்.

மர்ஸூக் அவள் தோளைத் தொட்டார். "வா. பொஞ்சாதிய இழந்த மனிசன். வாய் திறக்காமச் சபூர் செய்யிறாரு. இதுக்கு மேல அவர வதைக்காத."

மபாஸா அழுதாள். "எங்கட சிரட்டையாலதான் எண்டா, மாஃப் செய்ங்க நானா" என்றாள்.

மாஃப் செய்தேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. பளீலாவின் மௌத்துக்கு மபாஸாவின் சிரட்டை காரணமல்ல. என் மூன்று வாளிகள்தான் காரணம். அவள் காய்ச்சலில் விழுமுன்பே அந்த ஆபத்து எனக்குத் தெரியும். ஆறு நாளும் தெரியும். கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்தச் சொல் சற்று அதிகம். நான் செய்ததெல்லாம் ஒரு பிராணிக்குத் தீனி கொடுத்ததுதான்.

எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பளீலா மையவாடியில் இருக்கிறாள். மபாஸாவும் மர்ஸூக்கும் வண்ணாத்திவில்லுப் பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருக்கிறார்கள். மர்ஸூக் அங்கிருந்து விடிய முதல் பஸ்ஸில் பாலாவிக்கு வருகிறார். மாத்தயா சிலாபத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நமது குழுவுக்குக் கேடயம் கிடைத்தது. அது தொட்டிக்கு மேலே இருக்கிறது, துடைக்கும்போது துணியில் சவர்க்காரம் இருக்கக் கூடாது. என் பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. எனக்கு இன்று காய்ச்சல் மூன்றாம் நாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் வந்து தங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மீன் நலமாக இருக்கிறது. தினமும் இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதை மட்டும் கொடுங்கள். வலை பின்கதவின் ஆணியில் தொங்குகிறது. இதையெல்லாம் படித்தபின் உங்களுக்கு என்மேல் கோபம் வரும், அது நியாயம்தான். அந்தக் கோபத்தில் வாளிகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.