அறுபத்தொரு கடைசிப் பக்கங்கள்

மின்விசிறியை ஐந்தில் வைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், தலைமையாசிரியை அம்மா. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மற்றதெல்லாம் யோசித்து எழுத வேண்டியவை. மின்விசிறி விஷயத்தில் யோசிக்க எதுவும் இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த நூலகம், புழுக்கம், சுவரோரம் நான். திருகினேன்.

இரண்டாம் பருவத்தின் முதல் நாள் அது. விடுமுறையில் சாதித்த மூன்று பேரைப் பாராட்டக் கூடியிருந்தோம். நெடுந்தூர ஓட்டத்தில் கடைசியாக வந்தாலும் வந்து சேர்ந்துவிட்ட உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். பதினோரு வருடம் முயன்று முனைவர் ஆகிவிட்ட கணக்கு ஆசிரியை ஒருவர். மூன்றாமவர் என் உதவி நூலகர். சிறந்த பள்ளி நூலகர் விருதுக்குத் தேர்வாகியிருந்தார். அவருடைய ‘கடைசிப் பக்கம் நாமே’ திட்டத்தை நேரில் பார்க்க விருதுக் குழுவிலிருந்து இரண்டு அம்மையார்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பலகையில் ‘வாழ்த்துகள்’ என்று வண்ணத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டியவனும் நான்தான். மின்விசிறி வேகம் எடுத்ததும் ‘ழ்’ மட்டும் பிய்ந்து விழுந்தது. ‘வாத்துகள்’ என்ற தலைப்பின் கீழ் சாதனையாளர்கள் மூவரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கவனிப்பதற்குள் ஒட்டிவிடலாம் என்று கோந்து எடுக்க என் மேசைக்கு ஓடினேன். கீழ் இழுப்பறை எப்போதும்போல மக்கர் செய்தது. காலை மேசையில் ஊன்றி இழுத்தேன். இழுப்பறை முழுதாகக் கையோடு வந்தது, நான் பின்பக்கமாகப் போனேன், உள்ளே இருந்த அட்டைப்பெட்டி மேல்பக்கமாகப் போனது.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். உங்கள் தலைமேலும் ஒன்று விழுந்தது.

அறுபத்தொரு தாள்கள். ஒன்று உடற்பயிற்சி ஆசிரியரின் டீயில் இறங்கியது. ஒன்று விருதுக் குழுவின் மூத்த அம்மையார் மடியில் அமர்ந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஆகவே கொலை செய்தது பல் மருத்துவரே” என்று நிதானமாக வாசித்தார். வரலாற்று ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, சொல்லாதீங்கம்மா! நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன்!” என்று கத்தினார். அந்த அம்மையார் தாளைத் திருப்பினார். கீழே நம் பள்ளி நூலக முத்திரையும், என் கையெழுத்தில் புத்தக எண்ணும் இருந்தன.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது நூல் வந்தால் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, நடுவில் எங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று. கடைசி முத்திரை எதற்கென்றால், புத்தகம் முழுதாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அந்த அத்தாட்சிகளைத்தான் நான் பிளேடால் வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தேன்.

திட்டத்துக்காக நானும் உதவி நூலகரும் சேர்ந்தே பக்கங்களை வெட்டியிருந்தால் அது மோசடி, விருது ரத்து என்று குழு சொல்லியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஆகவே தெளிவாக எழுதுகிறேன். வெட்டியது நான். அவருக்கு எதுவும் தெரியாது. ஏன் வெட்டினேன் என்பதையும் சொல்லிவிட்டால், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

அவர் மூன்று வருடங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு அவர் தங்கை மாதிரி. அதற்கு முன்பும் நான் இங்கேதான் இருந்தேன் என்பது பலருக்கும் நினைவிருக்காது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அவருக்கு அது வராது. ஆனால் அவருக்குப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். பிள்ளைகளுக்கு என்னவோ அது பிடித்துவிட்டது. அவர் மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம். என் மேசைக்கு வருபவர்கள் கேட்பது, “சார், கத்தரிக்கோல் இருக்கா?” எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘உஷ் சார்’. நான் நாளெல்லாம் சொல்லும் ஒரே சொல் அது என்பதால்.

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. இதைப் பதிவு செய்துகொள்ளவும்.

ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள். கையில் ஒரு நாய்க் கதை. கடைசிப் பக்கத்தில் நாய் செத்துப்போகிறது. நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். அன்று மாலை அந்தப் பக்கத்தைப் படித்தேன். என் கைக்குட்டை அவளிடம் போய்விட்டதால் சட்டைக் கையைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. அடுத்துப் படிக்கிற பிள்ளையும் அழ வேண்டுமா என்ன? அளவுகோலை வைத்து, பிளேடால் ஒரே இழுப்பு. நேராக வந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு பையன் வந்தான். கிழிசல், பழுது, காணாமல் போனது எல்லாம் என் பிரிவு என்பதால் என்னிடம்தான் வர வேண்டும். அவர் மேசையைத் தாண்டி என் மேசைக்கு வந்தான்.

“சார், கடைசிப் பக்கம் காணோம். நாய்க்கு என்னாச்சு?”

“பொழைச்சுக்கிச்சு” என்றேன்.

“ஹப்பா” என்றான்.

அம்மா, என் பணிக்காலத்தில் யாரும் என்னைப் பார்த்து ‘ஹப்பா’ என்று சொன்னதில்லை. நான் அறையை விட்டு வெளியே போகும்போது சொல்வது தனிக் கணக்கு.

அடுத்த வாரம் கப்பல் கவிழும் கதை ஒன்றை வெட்டினேன். கேட்டவர்களிடம் எல்லோரும் நீந்திக் கரையேறிவிட்டதாகச் சொன்னேன். பிறகு பிரிந்துபோகும் அண்ணன் தங்கை கதை. பிறகு துப்பறியும் கதைகள். அவற்றில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் அத்தியாயத்திலேயே ஒருவர் கொலையாகிவிடுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் வெறும் மயக்கத்தில் இருந்தார், கடைசியில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார் என்று சொன்னேன். “அப்ப போஸ்ட்மார்ட்டம் பண்ணாங்களே சார்?” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குறுக்குக் கேள்வி கேட்டது. “லேசாத்தான் பண்ணாங்க” என்றேன்.

கை பழகிவிட்டது. பயணக் கட்டுரை ஒன்றைக்கூட வெட்டினேன். போனவர் ஊர் திரும்பினாரா என்று இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. கணக்குப் பயிற்சி நூலின் விடைகள் பக்கத்தை வெட்டியது நானல்ல என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாக்குமூலம் என்றால் வாக்குமூலம். போன பருவத் தேர்வு முடிவுகளுக்காகக் கணக்கு ஆசிரியையிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் சாட்சியமாக எடுத்து வைத்திருக்கும் பட்டியல் அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டிய பக்கங்களைச் சும்மா குவித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. எண் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி, ‘முடிவுகள்’ என்று தலைப்பிட்டு, ‘இருப்பிடம்: நூலகர் மேசை, கீழ் இழுப்பறை’ என்று குறித்து, பொதுப் பட்டியல் பெட்டியிலேயே அகர வரிசையில் சேர்த்துவிட்டேன். இரண்டு வருடமாக யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். களவாடியதற்கு முறையாக அட்டை போட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பெட்டியை இப்போது யாரும் திறப்பதே இல்லை என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பைண்டர் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. இத்தனை புத்தகங்களில் கடைசிப் பக்கம் உதிர்கிறதே, தையல் சரியில்லை போல என்று உதவி நூலகர் நினைத்தார். நான் மறுக்கவில்லை. பைண்டருக்குக் கண்டிப்பான கடிதம் ஒன்று போயிற்று. எழுதியது நான். நல்ல நடையில் அமைந்த கடிதம் அது. அவர் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. நேற்று அவர் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அறுபத்தொரு தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல சார், நேரா வெட்டியிருக்கீங்க. ஒட்டிடலாம்” என்றார். அதன் பிறகு டீயும் வாங்கிக் கொடுத்தார். வசவு வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கிடையில்தான் உதவி நூலகரின் திட்டம் பிறந்தது. கடைசிப் பக்கம் இல்லாத ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நோட்டை நூலால் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் அதில் தாங்களே முடிவு எழுதினார்கள். நாய்க் கதைக்கு மட்டும் முப்பத்திரண்டு முடிவுகள். நோட்டு போதாமல் மேலும் நோட்டு. புத்தகத்தையே தொடாத பத்தாம் வகுப்புப் பையன்கள்கூட வரிசையில் நின்றார்கள். அதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுத, அதுதான் விருதுவரை போனது.

எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது. ஒருவர் நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போட, இன்னொருவர் விளக்கேற்றியதாகப் பெயர் வாங்கலாம், அதில் என்ன. நான் சொன்ன முடிவுகளின் அழகில் மயங்கித்தான் பிள்ளைகளுக்கு எழுதும் ஆசை வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை நான் வெளியில் சொல்லிக்கொண்டு திரியவில்லை. விழாவில் யாராவது தாமாகச் சொல்வார்களா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ள விரும்பினேன். மனைவியிடம் கேட்டேன்: “செத்தவர் எழுந்து தண்ணி கேட்டார்னு முடிச்சேன். எப்படி இருக்கு?” அவள், “ஏங்க, அந்த டப்பா மூடியை இறுக்கி மூடுங்க, எறும்பு வருது” என்றாள். பிள்ளைகளிடம் கேட்டேன். “ஓகே சார்” என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். உதவி நூலகரிடம் மூன்று தடவை கேட்டிருப்பேன். “நான் சொல்ற முடிவைப் பத்திப் பிள்ளைங்க என்னம்மா சொல்றாங்க?” மூன்று தடவையும் ஒரே பதில்: “டீ ஆறுது சார்.”

இதுவரை எழுதியதை இன்று மதியம் அவரிடம் காட்டினேன். உங்களிடம் தருவதற்கு முன் அவர் பார்ப்பதுதான் நியாயம் என்று பட்டது. அவர் நின்றுகொண்டே படித்தார். நாய் வரும் இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பைண்டர் வரும் இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுதவில்லை. மயங்கித்தான் எழுதினார்கள் என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“சார், இதை இப்படியே குடுத்தீங்கன்னா விருது போச்சு.”

“ஏம்மா? உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெளிவா எழுதியிருக்கேனே.”

“நீங்க முடிவு சொல்லி ஆசையைக் கெளப்பினீங்க, நான் நோட்டைக் கட்டினேன்னா, ரெண்டு பேரும் பேசி வச்சுப் பண்ணதுன்னுதானே அவங்க நெனைப்பாங்க? அப்படி நடக்கவே இல்ல சார்.”

“அப்ப எப்படி நடந்துச்சு? பிள்ளைங்க ஏன் எழுத ஆரம்பிச்சாங்க?”

அவர் மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தார். நான் அதை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தேன்.

“டீ ஆறிப்போய் அரை மணி நேரம் ஆச்சும்மா. சொல்லு.”

“வருத்தப்படுவீங்க சார்.”

“அறுபத்தொரு புத்தகத்தை வெட்டினவன் நான். என்னைப் பார்த்துப் பாவப்படாதே.”

அவர் என் தாள்களை மேசைமேல் வைத்தார். பிறகு சொல்லிவிட்டார். பிள்ளைகள் எழுத ஆரம்பித்ததற்கு மேலே நான் எழுதியிருக்கும் காரணத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் சொன்னதையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுமாறும், விருதுக் குழுவுக்கு அதையே அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்:

“நீங்க சொன்ன முடிவு ஒண்ணுகூட நல்லால்ல சார். எல்லாக் கதையிலயும் எல்லாரும் பொழைச்சுக்கிறாங்க. தாங்க முடியாமத்தான் பிள்ளைங்க எங்கிட்ட வந்து, ‘மிஸ், நாங்களே எழுதிக்கறோம், உஷ் சாரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க’ன்னு கெஞ்சினாங்க.”