மடியில் ஒரு கம்ப்யூட்டர்

"இன்னைக்கு அந்தக் கடைக்காரன விடப்போறதில்லட்டி."

கயத்தாறிலிருந்து கோவில்பட்டி போகும் பேருந்தில், என் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார். அவர் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி.

"பழைய கிராபிக்ஸ் கார்டு போச்சு, சரி. புதுசு மாட்டியும் திரை கறுப்பாவே கெடக்கே. கல்யாண பிளக்ஸ் கேட்டு மாப்பிள வீட்டுக்காரவிய சாயந்தரம் வந்து நிப்பாவ."

"நல்லா அமுக்கி மாட்டுனியளா?"

"மாட்டுனேன். அவன் பழுதான கார்டத் தந்திருக்கான்."

"கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதிய."

"ஏன்?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புதுசாச்சேன்னு, மாட்டுததுக்கு முன்னால சந்தனம் வச்சேன்."

"எதுல?"

"கார்டுலதான்."

"கார்டுல எங்கன?"

"உள்ள செருகுத ஓரத்துல. அங்கனதான் தங்கம் மாதிரி மின்னுச்சு."

அவர் மடியிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"குங்குமமும் வச்சியா?"

"வைக்காம?"