ஒடுங்கிய சாந்தகப்பை

சாந்தகப்பை வாங்கும்போது பலர் பிடியைத்தான் பார்ப்பார்கள். நான் தகட்டைப் பார்ப்பேன். கல்லின் மேல் சாந்து பரப்ப அகன்றது வேண்டும். கல்லிடுக்கை வழித்துவிட விரல் அகலத்தில் ஒடுங்கியது போதும். இங்கே சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரத்துக் கடையில் அரை மணி நேரம் நின்று ஒடுங்கியதைத் தெரிந்தெடுத்தேன். அதைத்தான் இப்போது பொலிஸ் ஐயாவின் மேசையில் வைத்திருக்கிறேன். தில்லைநாயகி அக்கா, நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர். நான் சொல்வதை மாற்றாமல் அவருக்குச் சொல்லுங்கள்.

1987 ஒக்டோபரில் தவராஜாவும் நானும் ஒரே அகதி விடுதியில் இருந்தோம். அவன் மனைவி சிவமலர் எனக்கும் சேர்த்துத்தான் சமைப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி. பனிக்காலத்துக்கு ஒருவனைத்தான் வைத்திருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். தவராஜா ஊரில் மேசன்; கைவேலை சுத்தம். நான் எழுதுவினைஞராக இருந்தவன். வேலை போனால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அவனையும் அனுப்பலாம் என்பதை நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு தோட்டச் சரிவில் நெஞ்சளவு மதிலைக் கட்டி முடித்துவிட்டு, சிவமலரை டொக்டரிடம் கூட்டிப் போனான். சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. மண் போட்டு மூடப்போகும் பின்பக்கத்தில், கீழ் நாலு கல்வரியிலும் இந்தச் சாந்தகப்பையால் சாந்தைச் சுரண்டி எடுத்தேன். அவசரப்படவில்லை. முன்பக்கம் அவன் வழித்தபடியே அழகாக இருந்தது. மதில் சரிந்தால் அவன் பெயர் கெடும் என்பதுதான் என் எண்ணம். அன்று மாலை சிவமலர் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி என்னைப் பின்னால் மண் கொட்டச் சொன்னார். அவனை முன்னால், மதிலடியில் கல் பதிக்க விட்டார். மூன்றாவது தள்ளுவண்டியைக் கொட்டியதும் அவன் நிமிர்ந்தான்.

"உருத்திரமூர்த்தி அண்ணை, இதில ஒரு வெடிப்புத் தெரியுது. நான் கொஞ்சம் தள்ளி நிக்கட்டோ?"

எட்டிப் பார்த்தேன். வெறும் வெடிப்பல்ல, கல்லே வெளியே தள்ளியிருந்தது. விலகச் சொன்னால் மதிலைப் பிரித்துப் பார்ப்பார்கள். சுரண்டியது தெரிந்துவிடும்.

"அது காயிற வெடிப்பு. நீ இருந்து வேலையைப் பார்."

"ஓம் அண்ணை" என்று மறுபடி குனிந்தான்.

அவன் கட்டிய பிழையால்தான் மதில் அவன் மேலேயே விழுந்தது என்று விபத்து அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். சிவமலருக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. அந்தக் கடதாசியை என்னிடம்தான் கொண்டுவந்தாள். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அக்கா. அவன் குனிந்த பிறகு, நான் போய் நாலாவது வண்டியை நிரப்பிக்கொண்டு வந்து கொட்டினேன்.