பொறுக்கியது, கழற்றியது

வலது கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு போகும், முழங்கால் போகும். கட்டைவிரல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. டம்ளரைப் பிடித்தால் நகத்துக்கு அடியில் சுருக்கென்கிறது. இப்படி மேசைமேல் மலர்த்தி வைத்தால் கொஞ்சம் தேவலை. அப்படியே வைத்துக்கொண்டு பேசுகிறேன் சார், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

நிதானமாகவே சொல்கிறேன். அடிக்கத் தேவையில்லை, நானாக வந்தவன். குடோனில் மூட்டை ஏற்றும் கப்பி விழுந்து, என்கூட மூட்டை தூக்கும் நெட்டை செத்ததற்கு ஃபிட்டரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். கப்பியின் அச்சுக்கு ஸ்பிளிட் பின் போட மறந்துவிட்டார் என்பது கேஸ். அவர் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் என் தகரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

குடோனில் என்னைப் பொறுக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட அர்த்தத்தில் இல்லை. புதிதாக வந்த கணக்கர் ஒருமுறை முகத்தைச் சுளித்தபோது நெட்டைதான் விளக்கம் சொன்னான்.

"சார், இவன் பொம்பளைங்க பின்னாடி போற பொறுக்கி இல்ல. பொத்தான் பின்னாடி போற பொறுக்கி. கீழ எது கெடந்தாலும் எடுத்து ஊதிப் பாத்து பாக்கெட்ல போட்டுக்குவான். நீங்க தூங்கும்போது வாயை மட்டும் மூடிக்குங்க, பல்லு பத்திரம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீப்பிலிருந்து உடைந்த ஒற்றைப் பல். யாரோ யோசித்து யோசித்துக் கடித்த பேனா மூடி. செருப்பு வாரின் பித்தளைக் குமிழ். ஷூ கயிற்றின் நுனியில் இருக்கும் சின்னக் குழல். மருந்து பாட்டில் மூடிக்குள் ஒட்டியிருக்கும் அட்டை வட்டம். மொத்தப் பெட்டியையும் விற்றால் ஒரு டீ குடிக்க முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். என் முதுகு வழியாக ஒரு ஊர் தின்னும் சர்க்கரை போயிருக்கிறது, ஒரு ஊர் கட்டும் சிமெண்ட் போயிருக்கிறது. ஒன்றும் என்னிடம் நின்றதில்லை. ஒரு பொத்தான் நிற்கும். சாயங்காலம் கட்டிலில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக வைப்பேன். எதற்குப் பக்கத்தில் எது உட்கார வேண்டும் என்று அவையே சொல்லும். சீப்புப் பல்லுக்கும் பேனா மூடிக்கும் ஒத்துவராது, குமிழ் நடுவில் வந்தால் சமாதானம் ஆகிவிடும். அந்த நேரத்தில் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு. எனக்கு இது. யாருக்கும் கெடுதல் இல்லாதது.

அப்புறம் அது நின்றுபோனது. துண்டை விரிப்பேன், வைப்பேன், ஒன்றும் பேசாது. முதுகுதான் பேசும். விடியும்வரை புரண்டு படுத்து யோசித்ததில் எனக்கு விஷயம் பிடிபட்டது. கீழே கிடப்பது எல்லாம் செத்த சாமான். வேலையை விட்டு வந்த பிறகு அதில் என்ன இருக்கிறது? ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தாங்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இருக்கிறதே, அதில்தான் உயிர் இருக்கிறது.

என் மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஊசியின் காது தெரியாது. அந்தக் கண்ணாடியின் காலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எள்ளளவுதான். அவள் தைக்கும் அத்தனை துணியும் அதன் தலையில்தான் நிற்கிறது. அவள் குளிக்கப் போனபோது கழற்றினேன்.

வந்து கண்ணாடியை எடுத்தாள், கால் தனியாகக் கையோடு வந்தது. தரையில் மண்டியிட்டு உள்ளங்கையால் தடவித் தடவித் தேடினாள். நானும் தேடினேன். கட்டிலை நகர்த்திக்கூடத் தேடினேன்.

"ஊர்ல கெடக்குற துரும்பெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியும். இது மட்டும் தெரியலையா?" என்றாள்.

"இங்கதான் எங்கயாவது இருக்கும். எங்க போயிடப் போகுது" என்றேன். பொய் இல்லை, அங்கேதான் இருந்தது.

கண்ணாடியின் காலை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டாள். அது சரிந்து சரிந்து விழும். ஊசி விரலில் ஏறும். ஒருநாள் பெட்டியில் திருகைப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு அதை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்.

ஃபிட்டருக்கு எப்படியோ வாடை அடித்துவிட்டது. ஆள் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொறுக்குறதோட நிறுத்திக்கப்பா. கழட்ட ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கெடையாது. கழட்டுறதே என் பொழப்பு, அதனால சொல்றேன்."

"நான் என்னண்ணே கழட்டப் போறேன்?"

"பின்னு, திருகுன்னு ஆசையா இருந்தா எங்கிட்ட கேளு. புதுசாவே தர்றேன்." டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் கொட்டினார். பெரிய மனசுக்காரர். போகும் வழியில் சாக்கடையில் போட்டேன். வேலைக்குப் போகாத பின்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்போது கப்பி. மூன்றாம் மாடியில் சுவருக்கு வெளியே நீட்டிய இரும்பு உத்தரத்தில் அது தொங்கும். ஓர் அச்சு அதைத் தாங்கும். அச்சு நழுவாமல் இருக்க அதன் நுனித் துளையில் ஒரு ஸ்பிளிட் பின். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரட்டைக் கால் கம்பி, அவ்வளவுதான். மற்றவர்கள் இரண்டு காலையும் ஒரே மாதிரி விரித்துவிட்டுப் போவார்கள். ஃபிட்டர் ஒரு காலை மேலே சுருட்டி மற்றதைக் கீழே சுருட்டுவார், மீசை முறுக்கின மாதிரி. எண்ணெயும் தூசியும் ஏறி அது ஒரு நிறமாக இருந்தது. கறுப்பு என்றும் சொல்ல முடியாது, தேன் என்றும் சொல்ல முடியாது. நாள் முழுக்க மேலே போகும் எல்லா மூட்டையும் அந்த மீசையில் தொங்கியது. ஒருவனும் அதை அண்ணாந்து பார்த்ததில்லை. நான் பார்த்தேன். பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சாக்குமேல் சாய்ந்திருந்தபோது சுவரில் பதித்த இரும்பு ஏணியில் ஏறினேன். குறடு கேட்டால் ஃபிட்டர் எதற்கு என்பார். அதனால் விரலாலேயே நிமிர்த்தினேன். கட்டைவிரல் நகம் பாதி பிய்ந்தது. வெளியே வந்தபோது பின் சூடாக இருந்தது. காலையிலிருந்து கப்பி ஓடிய சூடு. அதைக் கையில் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே ஏணியில் நின்றேன். என் பிழைப்பில் அதற்குச் சமமாக ஒன்று சொல்லத் தெரியவில்லை.

துளையை வெறுமனே விட்டுவிடவில்லை. கட்டுக்கம்பி ஒரு துண்டைச் செருகி முறுக்கிவிட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கயிறு பிடித்து மூட்டையை ஆடாமல் மேலே அனுப்புகிற இடம் என்னுடையது. கப்பிக்கு நேர் கீழே. நெட்டை லாரிப் பக்கம். அன்று மதியம் அவனிடம் போய், விரல் வலிக்கிறது, கயிறு பிடிக்க முடியவில்லை, இடம் மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"வெரலுக்கா நோவு? இன்னிக்கு வெரல், நாளைக்கு மூக்குக்கு லீவு கேப்பியா?" என்றான். ஆனாலும் வந்து நின்றான். "வெந்நியில முக்கி வைடா. மஞ்சள வச்சுக் கட்டு" என்று வேறு சொன்னான்.

விரல் வலித்தது உண்மை. இதோ, இப்போதும் வலிக்கிறது.

மறுநாளும் இடம் மாறிக்கொண்டோம். அதற்கு அடுத்த நாளும் மாறிக்கொண்டோம். லாரிப் பக்கத்திலிருந்து அண்ணாந்தால் அச்சு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. கம்பி அறுந்துவிட்டது என்று புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஃபிட்டர் ஏறுவார், பின் எங்கே என்பார். பின் என் சட்டைப்பையில் இருந்தது. ஏணி வரைக்கும் போனேன் சார். முதல் படியில் கால் வைத்தேன். மேலே போய் மாட்டிவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. கை பையை விட்டு வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. அழுதேன்கூட. அது நீங்கள் நினைப்பதுபோல் சுலபமான காரியம் இல்லை. கப்பிக்கு அடியில் நின்ற நெட்டை, "என்னடா பொறுக்கி, ஏணிகிட்ட நின்னு சாமி கும்புடுறியா?" என்று கத்தினான். நான் இறங்கிவந்து லாரியோரம் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் கப்பியும் மூட்டைகளும் ஒன்றாக வந்தன. சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. மூட்டைக்கு அடியிலிருந்து அவனுடைய சட்டைப் பொத்தான் ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை நான் கழற்றவில்லை. பொறுக்கினேன்.

ஃபிட்டரை நீங்கள் கூட்டிக்கொண்டு போன பிறகு அவர் மனைவி என் அறைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு பழைய பை. பையின் ஜிப்புக்குப் பிடி இல்லை, ஓர் ஊக்கை மாட்டியிருந்தாள்.

"அண்ணா, அவர் மாட்டினேன்னுதான் சொல்றார். சாகுறவரைக்கும் அதையேதான் சொல்வார், அவருக்குப் பொய் வராது. நீங்க எப்பவும் மேல பாத்துக்கிட்டே இருப்பீங்களாமே. நீங்க பாத்திருப்பீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. இவளுக்கு அப்பா வேணும்."

"நான் கீழ கெடக்கறதப் பாக்கறவம்மா. மேல எனக்கென்ன தெரியும்?" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். அவள் போகும்போது பை திறந்து தொங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை.

அப்புறம் ஃபிட்டர் உங்களிடம், பொறுக்கியின் பெட்டியைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் ஆட்கள் வந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். "என்னய்யா இது, குப்பை லாரிக்கே இவன் மாமன் போல" என்று சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் ஒருவர், வழுக்கைக்காரர், அந்தப் பின்னை எடுத்தார். "காது கொடைய நல்லாருக்கும்" என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். பெட்டியை எனக்கே விட்டுவிட்டார்கள். நான் தப்பித்துவிட்டேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அன்றிலிருந்து துண்டை விரித்தால் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பொத்தான் அங்கே உட்காரமாட்டேன் என்கிறது. ஊக்கு உட்காரமாட்டேன் என்கிறது. நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நேற்றே இங்கு வந்தேன், வெளியே உட்கார்ந்திருக்கிற எழுத்தரிடம் என் பின்னைக் கேட்டேன். காலில் விழுந்தும் கேட்டேன். "ரோட்ல ஆயிரம் கெடக்குது, உன்னுதுன்னு என்னய்யா ஆதாரம்?" என்று விரட்டிவிட்டார்.

நியாயமான கேள்வி. அதனால்தான் இன்று இவ்வளவையும் சொன்னேன். அந்தப் பின்னின் மேல் காலில் ஒரு கீறல் இருக்கும், அதில் காய்ந்த ரத்தம். அந்த ஆள் துடைத்திருக்காவிட்டால் இன்னும் இருக்கும். வரச்சொல்லி இந்தக் கட்டைவிரலில் வைத்துப் பாருங்கள், பொருந்தும். என்னுடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

ஃபிட்டரை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நெட்டையைச் சுடுகாடுவரை தோளில் சுமந்துபோய் இறக்கினேன், கூலி கேட்கவில்லை. என் கணக்கில் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன், தூக்கில் போடுவதானாலும் போடுங்கள். ஆனால் நீங்கள் எனக்கு ஒரு பின் பாக்கி.